மச்சானின் வயலில் பிடித்த பூச்சிகள்

நெல்லின் அடித்தண்டில் ஒட்டியிருந்து சாறு குடிக்கும் கபில நிறத் தத்தியை எங்கள் பக்கத்தில் அறக்கொட்டி என்பார்கள். நான் ஆராய்வது அதன் உடம்புக்குள் வாழும் மதுவத்தை, அதாவது ஈஸ்ட் வகை நுண்ணுயிரை. நெற்சாற்றில் கிடைக்காத சத்தை மதுவம் ஆக்கிக் கொடுக்கிறது. பூச்சி அதற்கு இருக்க இடம் கொடுக்கிறது. தாய் முட்டையிடும்போதே மதுவத்தையும் முட்டைக்குள் வைத்துவிடும். ஆய்வுகூடத்தில் சூட்டைக் கூட்டி மதுவத்தைக் குறைத்தால் குஞ்சுகள் தோலுரிக்க முடியாமல் பாதியில் செத்துப் போகும். பலமுறை பார்த்திருக்கிறேன்.

ராத்தா என்று நான் கூப்பிடும் என் அக்காவின் கணவருக்குச் சம்மாந்துறைப் பக்கம் வயல் இருக்கிறது. பயிர் கதிர் வெளிவருமுன் குடலைப் பருவத்தில் நின்றபோது ஒரு காலையில் மச்சான் கல்முனைக்குடியிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்தார். மனைவியின் தங்கை என்பதால் என்னை மச்சி என்றுதான் கூப்பிடுவார்.

"மச்சி, நீ பூச்சிப் படிப்புத்தானே படிச்ச? ஒருக்கா வந்து பாரு. பக்கத்து வயல்காரரெல்லாம் மருந்தடிக்கப் போறாங்க."

அவருடைய மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் என் ஸ்கூட்டியில் போனேன். பத்து இடங்களில் குனிந்து தண்டுகளைத் தட்டி, தண்ணீரில் விழுந்தவற்றை எண்ணினேன். தத்திகள் குறைவு. அவற்றைத் தின்னும் சிலந்திகள் நிறைய இருந்தன. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"இப்ப அடிக்காதீங்க மச்சான். மருந்துக்கு முதல்ல சாகிற சிலந்திதான். தண்ணிய வடிய விட்டுட்டுக் கொஞ்ச நாள் பாருங்க."

"ஓம், நீ சொன்னாச் சரி," என்றார். வேறு யாரிடமும் கேட்கவில்லை.

நான் சொன்னதில் பிழையில்லை. அதைத்தான் மாணவர்களுக்கும் சொல்லிக் கொடுக்கிறேன். ஆனால் நான் எண்ணியது ஒரு வயலை மட்டும். சுற்றியிருந்தவர்கள் அடித்தார்கள். அங்கே சிலந்திகள் செத்தன. தண்டுக்குள் இருந்த தத்தி முட்டைகள் சாகவில்லை. பொரித்துப் பெருகி நெருக்கடி வந்ததும் நீண்ட இறக்கையுள்ளவை கிளம்பின. இறக்கை முளைத்தால் வயல் வரம்பு அவற்றுக்குக் கணக்கில்லை. இது எனக்குத் தெரியாத விசயமல்ல. அன்றைக்கு யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாம் வாரத்தில் ராத்தா போன் எடுத்தாள். "அவர் வயலால வந்து ஒண்டும் கதைக்காம இரிக்கார். நீ வா."

வயலின் நடுவே பயிர் வட்டம் வட்டமாகக் காய்ந்து கிடந்தது, யாரோ தீ வைத்து அணைத்ததுபோல. மச்சான் முதல் நாள்தான் மருந்தடித்திருந்தார். நெருக்கமான பயிரில் மருந்து அடித்தண்டுவரை இறங்கவில்லை. நான் கை வைத்த இடமெல்லாம் தத்திகள் மாவு கொட்டியதுபோல் உதிர்ந்தன.

"அண்டைக்கே அடிச்சிரிந்தா தப்பியிரிக்குமா மச்சி?"

அன்றைக்கு மருந்தடித்த வயல்களிலும் இரண்டு இப்படியே கருகியிருந்தன. ஒன்று மட்டும் பச்சையாக நின்றது.

"தெரியா மச்சான்," என்றேன்.

அவர் தலையாட்டினார். கோபப்படவில்லை. என் பையில் இருந்த பூச்சி சேகரிக்கும் போத்தல்களைப் பார்த்துவிட்டு, "ஒன்ட வேலைக்குப் பூச்சி வேணுமெண்டா எடுத்துக்க. இனி இதுல என்ன இரிக்கு," என்றார்.

எடுத்தேன். வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவ்வளவு செழிப்பான கூட்டம் எனக்கு அதுவரை கிடைத்ததில்லை. அவர் வரம்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, நான் காய்ந்த பயிருக்குள் முழந்தாளிட்டு ஐந்து போத்தல்களை நிரப்பினேன். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அந்தப் பூச்சிகள் ஆய்வுகூடத்தில் நன்றாகப் பெருகின. எனக்கு வேண்டிய முடிவுகளைத் தெளிவாகத் தந்தன. நுணுக்குக்காட்டியில் மதுவங்களைப் பார்க்கும்போதெல்லாம் அவை எந்த வயலின் சாற்றில் வளர்ந்தவை என்பது ஞாபகம் வரும். ஒருநாள் ராத்தா கேட்டாள், "நீ செய்ற அந்தச் சூடு வெக்கிற வேலைய வயல்ல செய்ய ஏலாதா?"

"ஏலா ராத்தா. அந்தச் சூட்டுக்கு நெல்லும் பதராப் போகும்."

அவள் தேத்தண்ணியை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

வயலில் பாதிதான் அறுவடைக்குத் தேறியது. அடுத்த போகத்தில் மச்சான் என்னைக் கேட்கவில்லை. பயிர் சின்னதாக இருக்கும்போதே மருந்தடிக்கப் போகிறார் என்று ராத்தா சொல்லித்தான் தெரியும். போனேன். வரம்பில் நின்று மருந்து கலக்கிக்கொண்டிருந்தார். காலடியில், இளம் பயிருக்கிடையே சிலந்திகள் தண்ணீர் மேல் ஓடிக்கொண்டிருந்தன. எவ்வளவு என்று எண்ணத் தொடங்கி, நிறுத்திக்கொண்டேன். அவருக்கு முன்னால் உறுதியாகச் சொல்லக்கூடிய எதுவும் எனக்குள் மிச்சமில்லை.

மச்சான் மருந்தடிக்கும் மெசினைத் தோளில் மாட்டிக்கொண்டு, முகத்தைத் துணியால் கட்டினார்.

"காத்து ஒன்ட பக்கம்தான் அடிக்குது மச்சி," என்றார். "அங்கால போய் நில்லு."

நான் அங்கால போய் நின்றேன்.