படிக்காமலே சரி சொன்ன நோட்டிஃபிகேஷன்

ஆரியசாலையில் எங்கள் மளிகைக் கடை மாடியிலிருந்து, பெண்களுக்கான தமிழ் மாத இதழ் ஒன்றை மொபைல் ஆப்பில் நடத்துகிறேன். விழிஞ்ஞத்திலிருந்து ஒருவர் (செல்வி என்று இங்கே பெயர் மாற்றிச் சொல்கிறேன்), கணவனிடம் அடிபடுவதைப் பற்றிப் புனைபெயரில் எழுதியிருந்தார். விளம்பரத்துக்கு நான் அமர்த்திய பிரமோத், அந்தக் கட்டுரையைச் சொல்லி எல்லோர் போனுக்கும் நோட்டிஃபிகேஷன் அனுப்பினான். அதில் அவருடைய உண்மைப் பெயரையே போட்டுவிட்டான். நான் படித்துப் பார்க்காமலே சரி சொல்லியிருந்தேன். செல்வியின் நாத்தனார் போனிலும் எங்கள் ஆப் இருந்திருக்கிறது.

மறுநாள் செல்வி மாடியேறி வந்தார். உதடு வீங்கியிருந்தது.

"உங்க புக்குக்கு ஆளு கூடணும். அதுக்கு என்னைக் காட்டிக் குடுத்துட்டீங்க, இல்லே?" என்றார். மன்னிப்புக் கேட்டேன். "அத வச்சு நான் எந்து செய்ய?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனார்.

பிரமோதைக் கூப்பிட்டுத் திட்டினேன். "சேச்சி, அதுகொண்டல்லே, அதனாலதானே டவுன்லோடு கூடுனது" என்றான். அன்றே அவனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டேன். ஆனால் சரி சொன்னது நான்தான்.

இப்போது எழுதுபவர்களின் உண்மைப் பெயர் ஆப்பில் எங்கும் கிடையாது. எந்த நோட்டிஃபிகேஷனும் முதலில் எழுதியவருக்குப் போய், அவர் சம்மதித்த பிறகே வெளியே போகிறது. செல்வி தன் அம்மா வீட்டில் இருக்கிறாராம். நான் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை.