அடையில் கலந்த பாசி

என் மனைவிக்குத் தெரியாமல் அவள் விரதத்தை நான் முறித்தேன். ஒருநாள் அல்ல... மாதக்கணக்கில்! வருந்துகிறேனா? கேட்காதீர்கள். பாதி நேரம் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது.

நாங்கள் சமணர்கள். செஞ்சியில் வீடு, தொண்டூரில் உறவு. தண்ணீரைக்கூட இரட்டை மடிப்புத் துணியில் வடித்துத்தான் குடிப்போம். கண்ணுக்குத் தெரியாத உயிர் ஒன்றும் வயிற்றுக்குள் போய்விடக் கூடாது என்று. வடித்தபின் துணியை அலசி, அந்த நீரைக் கிணற்றிலேயே ஊற்றிவிடுவாள் என் மனைவி விமலா. அவையும் பிழைத்துப் போகட்டுமாம்.

இந்த எண்பதுகளின் தொடக்கத்தில் சிங்கவரம் சாலையோரம் சிமென்ட் தொட்டிகள் கட்டிச் சுருள்பாசி வளர்த்தார்கள். பருப்பும் முட்டையும் வாங்க முடியாத வீடுகளுக்குப் புரதம் தரும் பாசி என்றார்கள். அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். பாசியைத் துணியில் வடித்து, பிழிந்து, வெயிலில் காயவைக்க வேண்டும். மற்றவர்கள் வடித்தால் பாதி வீணாகும். என் கையில் துளி போகாது! ஏன் போகும்? பிறந்தது முதல் வடித்த கை அல்லவா... உயிரை விலக்கப் பழகிய கையால் உயிரை அள்ளினேன். என்னைப் போல வடிக்க அந்த வட்டாரத்திலேயே ஆள் இல்லை.

விமலாவுக்கு அது பிடிக்கவில்லை. "அதுவும் உசுருதானே? வேலைக்குப் போங்க, வேணாங்கல. வூட்டுக்குள்ள மட்டும் கொண்டாராதீங்க" என்றாள். தலையாட்டினேன்.

மறு ஆண்டு கர்ப்பமானாள். முதல் பிள்ளை தங்காத வயிறு அது. ரத்தமே இல்லை, முட்டையாவது சாப்பிடட்டும் என்றார் டாக்டரம்மா. விமலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாத்திரை விழுங்கினால் வாந்தி... கிணற்றடிக்குப் போய்வந்தாலே மூச்சு வாங்கியது. இன்னொரு முறை வெறுங்கையோடு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்ப எனக்குத் தெம்பில்லை!

அடுப்படியை நான் எடுத்துக்கொண்டேன். தெருவே சிரித்தது. காய்ந்த பாசியைப் பொடித்து முருங்கைக்கீரை அடை மாவில் கலந்தேன். பெருங்காயத்தைத் தாராளமாகப் போட்டேன். பொழுது சாயுமுன் சுடச்சுடச் சுட்டுக் கொடுத்தேன்.

"இன்னாங்க இது, ஒரு மாதிரி வாசன அடிக்குது?"

"கீர முத்தல்."

அவள் முகத்தைப் பார்த்தே சொன்னேன். நம்பினாள். இன்னொன்று கேட்டு வாங்கித் தின்றாள்...

பெண் கொழுகொழுவென்று பிறந்தாள். காத்தது பாசியா? பிறகு வயிற்றில் தங்கத் தொடங்கிய மாத்திரையா? டாக்டரம்மாவுக்கே தெரியாது. ஆனால் நான் சொல்வேன்: பாசிதான்! என் கை வடித்த பாசி! மகள் தெருவில் ஓடும்போதெல்லாம் நெஞ்சு நிமிர்கிறது. யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாத பெருமை எவ்வளவு கனம் என்று உங்களுக்குத் தெரியுமா?

விமலாவுக்கும் பெருமை உண்டு. அவள் அதை வாய்விட்டுச் சொல்கிறாள். இப்போது மகளுக்குத் தண்ணீர் வடிக்கக் கற்றுத் தருகிறாள். நேற்றுக் கிணற்றடியில் என் எதிரிலேயே சொன்னாள்: "ஒரு உசுரக்கூட சேத்துக்காம உன்னப் பெத்தேன் கண்ணு. அந்த வெரதந்தான் உன்னக் காப்பாத்துச்சி. வேணும்னா நைனாவக் கேளு."

மகள் என்னைப் பார்த்தாள்.

"ஆமாம்மா" என்றேன்.

துணியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்... விமலா அதை அலசி, ஓர் உயிரும் தவறிவிடாமல், அந்த நீரைக் கிணற்றில் ஊற்றினாள்.