சுபேதார் மாமாவின் மோடம்

மோடம் முதலில் கிர்ரென்று இழுக்கும், பிறகு கீச்சிடும், கடைசியில் ஓட்டு வீட்டில் மழை பெய்வது போல இரைந்து அடங்கும். அடங்கினால் நெட் வந்துவிட்டது என்று பொருள். ராஜபாளையத்தில் சுபேதார் மாமாவின் பிரவுசிங் சென்டரில் நான் வேலை பார்த்த நாட்களில், அந்தச் சத்தத்தோடுதான் என் பொழுது தொடங்கும்.

மாமா ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். எனக்கு உறவில்லை, தெருவே அவரை அப்படித்தான் கூப்பிடும். கம்ப்யூட்டரைப் போட்ட பிறகு கனெக்ட் பட்டனை வேறு அழுத்த வேண்டியிருந்தது அவருக்குப் பொறுக்கவில்லை. "எந்திரிச்சதும் டூட்டிக்குப் போக வேண்டியதுதான? தெனமும் ஒருத்தன் வந்து சொல்லணுமாட்டி?" என்றார். அவர் விருப்பப்படியே பாஸ்வேர்டைச் சேமித்து, ஸ்டார்ட்அப்பில் போட்டு வைத்தோம். போன கரன்ட் திரும்பினால் போதும், கம்ப்யூட்டர் தானே எழுந்து தானே டயல் செய்யும். வருகிறவர்களிடமெல்லாம் மாமா அதைக் காட்டிப் பெருமையடித்துக்கொள்வார்.

கடைக்கும் மாடியிலிருந்த அவர் வீட்டுக்கும் ஒரே டெலிபோன் லைன். நெட் ஓடினால் போன் வராது. ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை. அன்று லைன் வீட்டுக்கு. எல்லையில் பட்டாளத்தில் இருந்த மருமகன் அன்றுதான் பேசுவார்.

அப்படி ஒரு ஞாயிறு விடியும்போது, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் மாமாவின் மகளுக்குக் குழந்தை பிறந்தது. அத்தையை அங்கே விட்டுவிட்டு, மருமகன் போனுக்காக மாமா மட்டும் பஸ் ஏறி வந்திருந்தார். செய்தி கேட்டு நானும் மாடிக்குப் போனேன். சட்டைகூட மாற்றாமல் டெலிபோன் எதிரே விறைப்பாக உட்கார்ந்திருந்தார். கரன்ட் போய் வந்து வெகுநேரம் ஆகியும் மணி அடிக்கவில்லை.

"அங்க வரிசையில நின்னுதான் பேசணும். அவன் முறை போயிருச்சுன்னா பொறவு அடுத்த ஞாயிறுதான். அம்புட்டு நாளு புள்ளைக்காரன் என்ன பாடுபடுவான்?" என்றார்.

லைன் செத்துவிட்டதோ என்று ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தேன். லைனுக்குள் மோடத்தின் அதே இரைச்சல்!

"மாமா, கீழ மிசினு லைனைப் பிடிச்சிட்டு இருக்கு!"

படிகளில் என்னை முந்திக்கொண்டு ஓடினார். பூட்டைத் திறந்து மோடம் வயரை ஒரே இழுப்பாக இழுத்தார். "லீவு நாள்ல ஒன்னைய யாருலே டூட்டிக்குக் கூப்பிட்டா!" என்று அதைப் பார்த்துத் தெருவே கேட்கக் கத்தினார். நாங்கள் மேலே திரும்பி வருவதற்குள் மணி அடித்தது.

பாய்ந்து எடுத்தவர், "ஹலோ" என்றார். கண்ணெல்லாம் தண்ணீர். ரிசீவரை என் கையில் திணித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான்தான் சொன்னேன்: "அண்ணே, பொம்பளப் பிள்ளை. ரெண்டு பேரும் நல்லா இருக்காவ." அந்தப் பக்கம் அவர் போட்ட சத்தத்தில் வரிசை முழுவதும் சிரிப்பது எனக்குக் கேட்டது.

இப்போது நெட் யாரையும் கேட்காமல் எந்நேரமும் சட்டைப்பையில் கிடக்கிறது. பேத்தி கோயம்புத்தூரில் படிக்கிறாள். நினைத்தால் வீடியோ காலில் வருவாள். மாமாவுக்குக் கண் மங்கிவிட்டது, வாய் மட்டும் குறையவில்லை. போன வாரம் அவளிடம், "ஒங்கப்பனுக்கு ஒன்னையப் பத்தி மொதல்ல சேதி சொன்னது யாரு? நான்தாம்லா! கம்பீரமாச் சொன்னேன்" என்று அளந்துகொண்டிருந்தார். அப்படியா என்று அவள் என்னைக் கேட்டாள்.

"ஆமாட்டி," என்றேன். "ஒங்க தாத்தா போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டுச்சு."