தின்கன்ஜூனின் துருத் தண்ணீர்ச் சீமான்

சாதிக் பாட்சா இங்கிலாந்து போய்த் திரும்பிய நாளிலிருந்து அவர் வீட்டு ஆழ்துளைக் குழாயில் வருவது துரு இல்லை, மருந்து. தின்கன்ஜூன் என்ற பர்மியப் பேட்டையில் அந்தத் தெரு முழுக்க அப்படிப்பட்ட தண்ணீர்தான். வெள்ளைச் சட்டையைத் துவைத்தால் காவி, சோறு வடித்தால் மஞ்சள், தேயிலை போட்டால் பேனாவில் ஊற்றி எழுதலாம். மற்ற வீடுகளில் வடிகட்டி மாட்டினார்கள். சாதிக் பாட்சா, தூண்கள் வரிசையாக நிற்கும் ஓர் இங்கிலீஷ் கடைத்தெருவின் படத்தை மாட்டினார்.

தாமுவே சந்தையில் லுங்கிக் கடை வைத்திருக்கும் மனிதர். மகன் நியாஸ், டன்பிரிட்ஜ் வெல்ஸ் என்ற ஊரில் முதியோர் இல்லச் சமையலறையில் வேலை பார்க்கிறான். அவன்தான் ஒரு கோடையில் வாப்பாவைக் கூட்டிப் போய்ச் சுற்றிக் காட்டினான். அந்தத் தூண் தெருவில் துருக்கறை படிந்த ஓர் ஊற்று இருக்கிறது. லண்டனில் கூத்தடித்து உடம்பைக் கெடுத்துக்கொண்ட ஒரு பிரபு, நானூறு வருஷத்துக்கு முன் அந்தப் பக்கம் வந்து அதைக் குடித்துத் தேறினாராம். அப்புறம் சீமான்களும் சீமாட்டிகளும் அங்கே கூடி, காலையில் கோப்பை கோப்பையாகத் துருவைக் குடித்துவிட்டு வாத்தியம் கேட்டபடி உலாத்தினார்கள். உலாத்துவதற்கு மேல்நடை, கீழ்நடை என்று இரண்டு பாதை. மேல்நடை பெரிய மனிதர்களுக்கு, கீழ்நடை மிச்சப் பேருக்கு.

இதெல்லாம் அங்கிருந்த பலகையில் எழுதியிருந்தது. படித்தது நியாஸ், இவர் கேட்டார். இவர் போன அன்றைக்கு ஊற்றில் தண்ணீர் வரவில்லை. அதை இவர் யாரிடமும் சொன்னதில்லை. நியாஸ் உம்மாவிடம் போனில் சொன்னதால் வீட்டுக்கு மட்டும் தெரியும்.

ஊர் திரும்பியதும் வாசலிலிருந்து கூடத்துக்கு வரும் சிமெண்டுப் பாதை மேல்நடை ஆனது. பக்கவாட்டில் அடுக்களைக்குப் போகும் சேற்றுவழி கீழ்நடை. மழை பெய்தால் கீழ்நடையில் கணுக்கால் வரை தண்ணீர் நிற்கும். துணி மூட்டையோடு அவர் மனைவி சைதா அதில்தான் உலாத்தினாள்.

"அந்த ஊர்ல ஒரு இளவரசியோட மகன் வழுக்கி விழுந்துட்டான். ஓடு பதிக்கச் சொல்லிக் காசு குடுத்தா. அடுத்த தடவ வந்து பாத்தா பதிக்கல. கோவிச்சிக்கிட்டு வேற ஊருக்குப் போயிட்டா" என்றார் ஒரு நாள்.

"அவளுக்குப் போறதுக்கு வேற ஊர் இருந்திச்சு" என்றாள் சைதா, காலைக் கழுவிக்கொண்டே.

வடிகட்டிப் பேச்சை எடுத்தாலே அவருக்குக் கோபம் வரும். சீமான்கள் தேடிப் போய்க் குடித்ததை வீட்டிலேயே வைத்துக்கொண்டு வடிகட்டுவதா? தினமும் விடிந்ததும் ஒரு கிளாஸ் குடிக்கத் தொடங்கினார். முதல் வாரமே வயிறு பிடித்துக்கொண்டது. இந்தத் தண்ணீரை இனித் தொடவே கூடாது என்று டாக்டர் சொன்னதைச் சைதாவும் மகள் இன்ஷாவும் அவரிடம் சொல்லவில்லை, சொல்லிப் பயனில்லை. மறுநாளிலிருந்து கடையில் வாங்கும் கேன் தண்ணீரில், வெறுந்தேத்தண்ணீர் நாலு சொட்டு விட்டு மேசையில் வைத்தாள் இன்ஷா. நிறம் அச்சு அசலாக வந்தது. குடித்தவர் நாக்கைச் சப்புக்கொட்டி, "இரும்பு இறங்குறது தெரியுது" என்பார். முழங்கால் வலிகூடப் போய்விட்டதாம்.

இந்த நிலையில் இன்ஷாவைப் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை வாஜித்தை அவளுக்கு ஏற்கெனவே பிடிக்கும், அவனுக்கும் அப்படியே. ஆனால் அவன் உம்மா சமீனாவின் மனதில் மௌல்மீனில் வேறொரு பெண் இருந்தாள். கெஞ்சிக் கூத்தாடி, ஒரே ஒரு தடவை வந்து பார்க்கச் சம்மதிக்க வைத்திருந்தான்.

"வாப்பா, இன்னிக்கு மட்டும் இங்கிலாந்து வேணாம்" என்றாள் இன்ஷா.

"நான் ஏம்மா பேசப் போறேன்?" என்றார்.

அரை மணி நேரம் சொன்னபடியே இருந்தார். அப்போது தெருவே, "மீ வந்துருச்சு!" என்று கத்தியது. கரண்டுக்கு அங்கே 'மீ' என்றுதான் பேர், வந்தால் இப்படித்தான் கத்துவார்கள். கொல்லையில் மோட்டார் ஓடத் தொடங்கியது. வாஜித்தின் வாப்பா பர்கத்துல்லா, தாமுவேயில் பம்பும் குழாயும் வடிகட்டியும் விற்பவர். காது சும்மா இருக்குமா?

"மோட்டார் சத்தம் நல்லாருக்கே காக்கா. தண்ணி எப்படி?"

போதும். சாதிக் பாட்சா எழுந்து கொல்லைக்குப் போய்த் தன் கையாலேயே பிடித்து, தட்டில் நாலு கிளாஸ் வைத்துக்கொண்டு வந்தார். பிடித்த உடனே அந்தத் தண்ணீர் கண்ணாடி மாதிரிதான் இருக்கும், காற்றுப் பட்டால்தான் சுயரூபம் தெரியும். கதையை அவர் பிரபுவிடமிருந்து தொடங்கினார். இளவரசி வருவதற்குள் நாலு கிளாஸும் மஞ்சளித்தன. மேல்நடைக்கு வந்தபோது செம்மண் நிறத்தில் மேலே ஒரு படலம் மின்னியது. விருந்தாளிகளின் கண் கிளாஸை விட்டு நகரவில்லை.

"நீங்க எந்த நடையில நடந்தீங்க காக்கா?" என்று கேட்டார் சமீனா.

"ரெண்டுலயும்" என்றார் சாதிக் பாட்சா, கொஞ்சம் யோசித்து.

பர்கத்துல்லா கிளாஸை மோந்து பார்த்துக் கீழே வைத்தார். "இந்தத் துருவாலதான் எங்க வீட்டுல சோறு வேகுது. அதுக்காக அதையே குடிக்கச் சொல்றீங்களே!"

"பாத்துக்கிட்டே இருங்க" என்று சாதிக் பாட்சா ஒரே மூச்சில் குடித்தார். பாதியில் கண் பிதுங்கியது. பல மாதத்துக்குப் பிறகு நிஜத் தண்ணீர். துப்ப இடமில்லை. விழுங்கினார். கண்ணில் நீர் கோத்தது.

"தினம் இதையா குடிக்கிறீங்க?"

"தினம்" என்றார், தொண்டையைப் பிடித்துக்கொண்டு.

சமீனா, இன்ஷா நின்றிருந்த திரைச்சீலைப் பக்கம் திரும்பினார். "நீயும் இதைத்தான் குடிக்கிறியாம்மா?"

ஆமாம் என்றால் அந்த வீட்டுக்கு ஒரு முட்டாள் மருமகள். இல்லை என்றால் வாப்பா மானம் போச்சு. இன்ஷா வெளியே வந்து நின்றாள்.

"இல்ல மாமி. வாப்பாவும் குடிக்கல. டாக்டர் வேணாம்னாரு. நான்தான் கேன் தண்ணியில தேத்தண்ணி கலந்து வைக்கிறேன்."

சமீனா பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"பெத்த வாப்பாவையே இத்தன நாள் ஏமாத்தியிருக்கா. நாளைக்கு எங்க வீட்டுல எங்களுக்குத் தெரியாம என்னென்ன கலப்பாளோ!"

சைதா வாயைத் திறப்பதற்குள் சாதிக் பாட்சா முந்திக்கொண்டார்.

"யாரு ஏமாத்துனா? நான்தான் அப்படி வைக்கச் சொன்னேன். டாக்டர் சொன்னது எனக்குத் தெரியாதா? தெருவுல இவ்வளவு பேசிட்டு, வயிறு தாங்கலன்னு எப்படிச் சொல்றது? என் மானத்தக் காப்பாத்தத்தான் அந்தப் புள்ள அத்தனையும் செஞ்சிச்சு. பழியையும் தன் மேலேயே போட்டுக்குது."

சைதா புருஷனைப் பார்த்தாள். அவர் பொய் சொல்லி அவள் கேட்பது புதிதல்ல. உபயோகமாக ஒன்று சொன்னது இதுதான் முதல் தடவை.

பர்கத்துல்லாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சமீனா சிரிக்கவில்லை, ஆனால் பை மடியிலிருந்து கீழே இறங்கியது.

"வடிகட்டி மாட்டாம இந்த வீட்டுல நிக்காஹ் சோறு ஆக்கக் கூடாது லாத்தா. எங்க சனம் மஞ்சச் சோறு திங்காது" என்றார் சைதாவிடம்.

"நாளைக்கே மாட்டிடறோம்" என்றாள் சைதா, அவளுக்கு இது இரட்டைப் பெருநாள்.

பேச்சு தேதிக்குப் போனது, பிறகு பிரியாணிக்குப் போனது. சாதிக் பாட்சா இருந்தாற்போலிருந்து சம்பந்தியின் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"வடிகட்டி இங்கிலீஷ்காரன் செஞ்சது கிடைக்குமா?"

"எல்லாம் சீனாச் சரக்குதான் காக்கா."

"சரி. மேல எழுதியிருக்கிற பேரை மட்டும் சுரண்டிட்டு அனுப்புங்க."