ஐந்து நீலக் கோட்டுகளும் ஒரு பாட்டும்

சிகாகோவின் தென்பகுதியில் தையற்கடை வைத்திருந்த மிஸ் ஒடெஸ்ஸாவுக்கு எல்ஜின் பிராட்னாக்ஸ் நூற்றைம்பது டாலர் கடன்பட்டிருந்தான். அவனுடைய பாடகர் குழுவில் ஐந்து பேர், ஐவருக்கும் ஒரே மாதிரி நீலக் கோட்டு. ஜாமீன், எல்ஜினின் வாய்வார்த்தை.

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். மிஸிஸிப்பியிலிருந்து மாற்றுச்சட்டை இல்லாமல் ரயிலேறி வந்து, இறைச்சிக்கூடத்தில் தானே வேலை தேடிக்கொண்டவன். அவனைப் போன்ற கட்டைக்குரல் அந்த வட்டாரத்திலேயே கிடையாது; ஒரு இழுப்பு இழுத்தால் குடியிருப்பின் மாடிப்படி முழுக்க அதிரும். ஐவரும் சேர்ந்து ஒரு காதல் பாட்டைக் கட்டியதும் அந்தப் படிகளில்தான். வாத்தியம் வாங்கக் காசில்லாதவர்களுக்கு எதிரொலி போதுமாயிருந்தது.

இசைத்தட்டில் பாட்டின் பெயருக்குக் கீழே தன் பெயரைப் போடலாமா என்று, அதைப் பதிவுசெய்த கம்பெனியின் முதலாளி கேட்டார்.

“போட்டுக்கட்டுமே, பாடுறது நாமதானே” என்றான் எல்ஜின். ஐவரும் கையெழுத்திட்டார்கள். கீழே யார் பெயர் இருக்கிறதோ, பாட்டு எழுதியவருக்கான பணம் அவருக்கே என்பது, பாட்டு ஊரெல்லாம் ஒலித்த பிறகுதான் தெரிந்தது. பாடிய கூலியையும் முதலாளி ஸ்டூடியோ வாடகையில் கழித்துவிட்டார். மற்ற நால்வரும் கோட்டோடு ஆளுக்கொரு ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

எல்ஜின் ஓடவில்லை. இரண்டு ஷிப்டு பார்த்தான். முழங்கால் வீங்கியது, குளிர்கிடங்கில் நின்று நின்று தொண்டை கட்டியது. நாற்பது டாலர் பாக்கி இருந்தபோது மிஸ் ஒடெஸ்ஸா கூப்பிட்டனுப்பினாள்.

“என் மக கல்யாணத்துக்கு உங்க பாட்டுதான் வேணுமாம். வந்து பாடுப்பா, பாக்கியைத் தள்ளிடறேன்.”

“அந்தப் பாட்டை ஒருத்தன் ஏற்கெனவே சுருட்டிட்டான், மிஸ் ஒடெஸ்ஸா. இனி அதுக்கு நான் விலை பேச மாட்டேன். பாட்டு சும்மா. கோட்டுக்குக் காசு.”

“நின்னுக்கிட்டே தூங்குற குதிரை மாதிரி இருக்கே, வீறாப்பைப் பாரு!”

“குதிரை கடன அடைக்காது. நான் அடைப்பேன்.”

கல்யாணத்தன்று ஷிப்டு முடிந்து நேரே வந்தான். கோட்டு உடம்பில் தொளதொளத்தது. தனியாக நின்று, பாட்டின் தொடக்கத்தில் வரும் அந்த அடிக்குரலை இழுத்தான். மேல்குரல்களுக்கு ஆளில்லையே என்று அவன் நினைப்பதற்குள், கோழி வறுவல் தட்டோடு நின்றவர்கள் அவற்றைப் பாடத் தொடங்கினார்கள். ஐந்து குரல் போய் ஐம்பது குரல். மணப்பெண் அழுதாள். எல்ஜினுக்கு அழவும் தெம்பில்லை.

பாட்டு முடிந்ததும் மிஸ் ஒடெஸ்ஸாவிடம் போனான்.

“கையை நீட்டுங்க.”

“பிடிவாதக்காரா!” என்று அவள் நீட்டினாள்.

ஐந்து, பத்து, பதினைந்து என்று உரக்க எண்ணி, கசங்கிய நோட்டுகளை ஒவ்வொன்றாக அந்த உள்ளங்கையில் வைத்தான், நாற்பது வரை.