வால்வு துளைத்த சப்பாத்தி மாவு

பழைய ஜப்பான் கார்களின் என்ஜின் பாகங்களை வாங்கி, மாற்றியமைத்து விற்பது என் தொழில். கடை பெங்களூரு பொம்மனஹள்ளியில் இருக்கிறது. என் வாய் எப்போதும் கையைவிட ஒரு படி முன்னால் போகும்.

ஒருமுறை ஒரே மாதிரியான இரண்டு என்ஜின் ஹெட்கள், அதாவது வால்வுகள் பொருந்திய மேல்மூடிகள், கிடைத்தன. இழுவை கூடட்டும் என்று இரண்டின் அடிப்பரப்பையும் சீவினேன். அதிகம் சீவினால் வால்வு பிஸ்டனில் இடிக்கும். அளந்து பார்க்க வேண்டும். நான் பார்க்கவில்லை. ஒன்றை என் காரில் மாட்டினேன். இன்னொன்றை மர்பி டவுனில் மெக்கானிக்காக இருக்கும் சுமதிக்கு விற்றேன். "செக் பண்ணிட்டேம்மா, என் வண்டிக்கும் இதேதான்" என்று கூசாமல் சொன்னேன்.

மூன்றாம் நாள் காலை, மகளை ஏற்றிக்கொண்டு ஓசூர் ரோட்டில் ஓட்டிப் பார்க்கக் கிளம்பினேன். சாவியைப் போடும்போது சுமதியின் ஸ்கூட்டர் குறுக்கே வந்து நின்றது.

"ஸ்டார்ட் பண்ணிட்டீங்களாண்ணா?"

"இனிமேதாம்மா. ஏன்?"

"பண்ணாதீங்க. போனும் எடுக்க மாட்டேங்கிறீங்க, அதான் ஓடி வந்தேன்."

ஹெட்டைத் திருப்பித் தரத்தான் அழைக்கிறார் என்று நினைத்து, வேண்டுமென்றே எடுக்காமல் இருந்தேன்.

அவர் டிஃபன் டப்பாவைத் திறந்தார். உள்ளே சப்பாத்தி மாவு. பிஸ்டன்மேல் அதை வைத்து, ஹெட்டை மாட்டி, என்ஜினைக் கையால் சுற்றிப் பார்த்திருக்கிறார். வால்வு மாவைத் துளைத்து பிஸ்டனையே தொட்டிருந்தது. வேகமெடுத்திருந்தால் என் என்ஜின் நடுரோட்டில் நொறுங்கியிருக்கும்.

'செக் பண்ணேன்னீங்களே' என்று கேட்பார் எனத் தலைகுனிந்து நின்றேன். அவர் கேட்கவேயில்லை. "பாப்பா, நீ இறங்கும்மா" என்று மட்டும் சொன்னார்.

இப்போதெல்லாம் வீட்டில் சப்பாத்திக்கு மாவு பிசைந்தால், என் மகள் கடைக்கென்று ஓர் உருண்டையைத் தனியாக எடுத்து வைக்கிறாள்.