உரித்தால் வந்துவிடும் பெயின்ட்

கொல்லிமலை ஏறும் சாலையில், முப்பத்தெட்டாவது வளைவில், எங்கள் காரின் இடது பக்கத்தை நான் தடுப்புச் சுவரில் உரசினேன். எதிரே இறங்கி வந்த பஸ்ஸின் மேல் பழியைப் போட முடிந்தால் நன்றாக இருக்கும். ஆனால் அந்த டிரைவர் என் முகத்தைப் பார்த்ததுமே வளைவுக்கு மேலேயே வண்டியை நிறுத்திவிட்டு, நிதானமாக வாருங்கள் என்று கையைக் காட்டினார். ஒரு லாரி போகுமளவுக்கு இடம் இருந்தது. அத்தனை இடத்தையும் விட்டுவிட்டு நான் சுவரை ஒட்டிப் போனேன். நீளமாக ஒரு சத்தம் கேட்டது. பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்தவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். நான் டிரைவருக்கு நன்றி சொல்வதுபோல் ஒரு ஹாரன் அடித்துவிட்டு மேலே ஏறிவிட்டேன்.

மலையில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் மருந்தாளுநர். சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். அங்கே சாலை மேடேறுவது என்றால் வாய்க்கால் பாலத்தில்தான். கணவருக்குத் திருச்சியில் ஒரு தனியார் ஆபீஸில் வேலை. சனிக்கிழமை சாயங்காலம் பஸ் பிடித்து வருவார், ஞாயிறு மாலை இறங்கிவிடுவார். மலைக்குள் தள்ளியிருக்கும் திருப்புலி நாட்டு ஊர்களுக்கெல்லாம் முகாமுக்கு மருந்துப் பெட்டி எடுத்துப்போக வேண்டியிருப்பதால் கார் என்னிடமே இருந்தது. கார்தான் என்னிடம் இருந்ததே தவிர அதன் மேலிருந்த பிரியம் முழுக்க அவருடையது. ஞாயிற்றுக்கிழமை காலையில் காபி குடித்த கையோடு பழைய பனியன் துணியை எடுத்துக்கொண்டு போய், கதவுகளின் கீழே ஓடும் குரோம் பட்டைகளையும் முன்பக்கக் கிரில்லையும் முகம் தெரிகிற மட்டும் துடைப்பார். பிறகு அதில் தெரியும் முகத்தையும் கொஞ்சம் பார்ப்பார்.

நான் உரசியது அந்தப் பட்டையைத்தான். இடது கதவில் ஒரு முழ நீளத்துக்குக் கீறல்.

போன் செய்து சொல்லியிருக்கலாம். திட்டும் ஆள் இல்லை அவர். ஆனால் அவர் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "கியரை மாத்துங்க", "ஏன் சுவத்தை ஒட்டிப் போறீங்க" என்று எழுபது வளைவுக்கும் பாடம் நடத்துகிறவள் நான். என் வீட்டுக்காரிதான் என்னைவிட நன்றாக மலை ஏறுவாள் என்று அவர் ஆபீஸில் சொல்லி வைத்திருந்தார். அந்தப் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. அதிர்ஷ்டவசமாக அந்த மாதம் அவர் ஆபீஸில் ஆடிட்டிங். மூன்று வாரம் வர முடியாது என்று சொல்லிவிட்டார். குரலில் வருத்தம் வரவழைத்துக்கொண்டு, "பரவால்லங்க, வேலையைப் பாருங்க" என்றேன்.

அந்த மூன்று வாரத்தில் என்ன செய்யலாம் என்று போனில் வீடியோக்களாகப் பார்த்தபோதுதான் ரப்பர் ஸ்பிரே கண்ணில் பட்டது. டப்பாவைக் குலுக்கி அடித்தால் பெயின்ட் மாதிரி படிந்து, காய்ந்ததும் ரப்பர் தோலாகிவிடுமாம். பிடிக்காவிட்டால் ஓரத்தை நகத்தால் கிளப்பி உரித்துவிடலாமாம், அடியில் இருப்பது இருந்தபடியே இருக்குமாம். குரோமைக் கருப்பாக்குவதுதான் இப்போது பேஷன் என்று வீடியோவில் ஒரு பையன் சொன்னான். அவன் காருக்குப் பின்னால் பளிச்சென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அதை நான் கவனித்திருக்க வேண்டும். பேஷன் என்ற வார்த்தையைத்தான் கவனித்தேன்.

கூரியர்காரர் எங்கள் ஊர் வரை வராமல் செம்மேட்டோடு நின்றுகொண்டார். போய் வாங்கி வந்தேன். ஒரு விடுமுறை நாள் காலையில், வீட்டு வாசலில் காரை நிறுத்தி, சோப்பு போட்டுப் பட்டையைக் கழுவித் துடைத்து, சுற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, ஜன்னலுக்குச் செய்தித்தாள் கட்டினேன். என் பழைய வெள்ளைக் கோட்டை மாட்டி, கையுறை போட்டு, கொரோனா காலத்து மாஸ்க் இரண்டை ஒன்றின் மேல் ஒன்றாகக் கட்டிக்கொண்டேன். மருந்து கலக்கத் தெரிந்தவளுக்கு ஒரு டப்பா பெயின்ட் பெரிய விஷயமா என்ற நினைப்பு.

அந்தக் கோலத்தில் என்னைப் பார்த்துத் தெருவில் போனவர்கள் ஒதுங்கிப் போனார்கள். எங்கள் வீட்டுக்காரம்மா மட்டும் தைரியமாகப் பக்கத்தில் வந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும். வீட்டை எங்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, பின்னாலுள்ள சிறிய வீட்டில் இருந்துகொண்டு, மிளகும் மரவள்ளியும் போடுகிறவர். சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கும் எல்லாப் பெண்களும் அவருக்கு நர்சம்மாதான்.

"ஏனுங்க நர்சம்மா, காருக்கு என்னுங்க நோவு?"

"நோவு இல்லீங்க. அழகுக்குப் பூசறேன்."

அவர் கீறலைப் பார்த்தார். பிறகு டப்பாவைப் பார்த்தார். "செரிங்க, பூசுங்க. ஆனா பனி எறங்குதுங்களே" என்றார்.

இறங்கத்தான் செய்தது. நான் முதல் பூச்சு அடித்து முடிப்பதற்குள் பலா மரங்கள் மறைந்துவிட்டன. வீடியோவில் பத்து நிமிடத்தில் காய்ந்தது எனக்கு ஒரு மணி நேரமாகியும் பிசுபிசுத்தது. கருப்பு அடித்த இடத்தில் சாம்பல் பூத்தமாதிரி ஒரு வெளுப்பு. அவசரப்பட்டு அதன் மேலேயே இன்னொரு மெல்லிய பூச்சு. டப்பா தீர்ந்துவிடுமோ என்று சிக்கனமாக அடித்தேன். டேப்பை ஈரத்திலேயே எடுத்துவிட வேண்டும் என்பதை மறந்து, காய்ந்த பிறகு இழுத்ததில் ஓரமெல்லாம் எலி கடித்த மாதிரி ஆனது. ஆனாலும் கீறல் தெரியவில்லை. எனக்கு வேண்டியது அதுதான்.

காரின் ஒரு பக்கம் மட்டும் கருப்பாக இருப்பது எந்த பேஷனிலும் சேராது என்பது மறுநாள் காலையில்தான் உறைத்தது. வலது பக்கத்தையும் பூச வேண்டியதாயிற்று. இரண்டு பக்கமும் கருப்பானதும் முன்பக்கக் கிரில் வெள்ளிப் பல் கட்டிய மாதிரி இளித்தது. இன்னும் இரண்டு டப்பா வரவழைத்து அதையும் பூசினேன். கடைசியில் டிக்கி மேல், நம்பர் பிளேட்டுக்கு மேலே ஓடும் பட்டை. இவற்றையெல்லாம் நல்ல வெயில் நாளில், தடித்தடியாக ஐந்தாறு பூச்சு அடித்ததால் அருமையாக வந்தன. எதை மறைக்க எல்லாவற்றையும் தொடங்கினேனோ அந்த இடம் மட்டும்தான் அசிங்கமாக இருந்தது. வெள்ளைக் கோட்டில் விழுந்த கருப்புப் புள்ளிகள் துவைத்துப் போகவில்லை. அதற்குப் பிறகு அதைப் போட்டுக்கொண்டு மாத்திரை கொடுக்கும்போது, காப்பிக்கொட்டை வறுத்தீர்களா என்று இரண்டு பேர் கேட்டார்கள்.

கணவர் வந்தார். காரை இரண்டு முறை சுற்றி வந்தார். நான் தயாராக வைத்திருந்ததைச் சொன்னேன். "இப்ப எல்லாரும் இப்படித்தாங்க பண்றாங்க. குரோமெல்லாம் வயசானவங்க டேஸ்ட்டாம்."

அவர் முகம் கொஞ்சம் விழுந்தது. டிக்கிப் பக்கம் போய் நின்று அந்தப் பட்டையைக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் தெளிந்துவிட்டது.

"நல்லாத்தான் இருக்கு. முக்கியமா பின்னாடி ரொம்ப நல்லா வந்திருக்கு."

என் கைத்திறமையை மெச்சுகிறார் என்று நான் பூரித்துப்போனேன்.

இரண்டு மாதம் அப்படியே ஓடியது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்குத் துடைக்க எதுவும் இல்லாமல் போயிற்று. பனியன் துணியை எடுத்துக்கொண்டு போவார், கண்ணாடியைத் துடைப்பார், சும்மா நிற்பார். ஒரு நாள் காபி குடிக்கும்போது மெல்லக் கேட்டார்.

"அது உரிச்சா வந்துடும்னுதானே சொன்னே?"

"வந்துடும். ஏன்?"

"எடுத்துடலாமே. முன்னாடி, வலது பக்கம் எல்லாம். பின்னாடி மட்டும் கருப்பாவே இருக்கட்டும். ஒரு அழகா இருக்கு."

"எடுக்கலாம். இடது பக்கமும் இருக்கட்டுமே. அதுவும் அழகாத்தான் இருக்கு."

"இடது பக்கம் மட்டுமா?"

"பின்னாடி மட்டும் இருக்கலாம்னா இடது பக்கம் மட்டும் இருக்கக்கூடாதா?"

ஏதோ இடிக்கிறது என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஆனால் நான் என் கீறலைக் காப்பாற்றும் கவலையில் இருந்தேன். அவர் என்ன கவலையில் இருந்தார் என்று யோசிக்கவில்லை.

கிரில்லிலும் வலது பக்கத்திலும் உரிக்க ஆரம்பித்தோம். வீடியோவில் சொன்னது உண்மைதான். ஓரத்தைக் கிளப்பி இழுத்தால் நீளமாக, பாம்புச் சட்டை மாதிரி ஒரே துண்டாக வந்தது. உரிக்க உரிக்க இன்னும் உரிக்கத் தோன்றும் வேலை அது. சத்தம் கேட்டு வீட்டுக்காரம்மாவும் வந்துவிட்டார்.

"இதென்னுங்க, வாழப்பட்ட மாதிரி வருது" என்றவர், கேட்கவும் இல்லை, டிக்கிப் பக்கம் போய்ப் பட்டையின் ஒரு நுனியைப் பிடித்து இழுத்தார்.

"அம்மா, அது வேண்டாம்" என்று கணவர் ஓடினார். அதற்குள் முக்கால்வாசி வந்துவிட்டது. கருப்பு ரப்பரின் உள்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளி நிற டேப்பும் வந்தது. டேப் இருந்த இடத்தில் குரோம் நசுங்கி, குறுக்கே ஒரு கீறல்.

வீட்டுக்காரம்மா கையிலிருந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது உள்ளாறயே இருந்துதுங்களா?" என்று கேட்டவர், எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, "அடுப்புல ஒல வெச்சிருக்கேனுங்க, வாரேன்" என்று போய்விட்டார்.

அவர் போட்டுவிட்டுப் போன டேப்பை எடுத்துக் கணவர் முன்னால் நீட்டினேன். "இது என்னங்க?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "புளியஞ்சோலை. கார் வாங்கின புதுசுல ஆபீஸ் ஆளுங்களோட டூர் போனேன்ல. ரிவர்ஸ் எடுக்கறப்ப ஒரு பாறை. பின்னாடி பாறை இருக்கும்னு யாருக்குத் தெரியும்?"

டிக்கிப் பட்டையை அழுத்தித் துடைக்காதே, பாலிஷ் போய்விடும் என்று ஒன்றரை வருடமாக என்னிடம் சொல்லிக்கொண்டிருந்ததன் காரணம் விளங்கியது.

அந்த இடத்தில் ஒரு நல்ல மனுஷி என்ன செய்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். சிரித்திருப்பாள். என்னுடையதையும் பாருங்கள் என்று சொல்லியிருப்பாள். நான் அப்படிச் செய்யவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, காரில் கீறல் விழுந்ததைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை, ஆனால் என்னிடம் மறைத்தீர்களே என்று ஆரம்பித்து, குடும்பத்தில் நம்பிக்கை என்பது எவ்வளவு முக்கியம் என்பது வரைக்கும் பேசினேன். பேசப் பேச எனக்கே அது உண்மையாகத் தெரிந்தது. கண்கூடக் கலங்கியது. அவர் உள்ளே போய் வெங்காயம் நறுக்கினார். அன்றைக்குச் சமையல் முழுக்க அவர்தான். ரசம் நன்றாக இருந்தது. நான் அதைச் சொல்லவில்லை. கோபமாக இருப்பவள் ரசத்தைப் பாராட்டக் கூடாது அல்லவா.

சாப்பிட்டதும் பஸ்ஸுக்குக் கிளம்பப் பையை எடுத்தவர் வாசலில் நின்றார்.

"உன்கிட்ட மறைச்சிருக்கக் கூடாது. நீ அவ்வளவு நல்லா ஓட்டறே. எனக்கு வெக்கமா இருந்துது. அதான்."

காலையிலிருந்து நான் ஏறி உட்கார்ந்திருந்த உயரத்திலிருந்து இறங்க வேறு வழி இருக்கவில்லை. "வாங்க" என்று கையைப் பிடித்துக் காரின் இடது பக்கத்துக்குக் கூட்டிப்போனேன். ஒரே இழுப்பில் தோலை உரித்து, கீறலைக் காட்டி, தலை குனிந்து நிற்பதாகத் திட்டம். நுனியை நகத்தால் கிளப்பி இழுத்தேன். மொச்சைக்கொட்டை அளவுக்கு ஒரு துண்டு கையோடு வந்தது. மறுபடி இழுத்தேன். மறுபடியும் அதே அளவு. பனியில் கஞ்சத்தனமாக அடித்த பூச்சு அல்லவா, உரிவதற்கு அதில் தடிமனே இல்லை. கட்டைவிரலால் தேய்க்க ஆரம்பித்தேன். ரப்பரால் அழித்த நோட்டுப் புத்தகம் மாதிரி கருப்புத் துகள்களாக உதிர்ந்தது.

"என்ன தேடறே?" என்றார்.

"கொஞ்சம் பொறுங்க."

ஐந்து நிமிடம் தேய்த்த பிறகு கீறலின் ஒரு முனை தெரிந்தது. அவர் பையைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அந்தப் பக்கத்திலிருந்து அவரும் தேய்க்க ஆரம்பித்தார். அவர் பக்கமும் கீறல் வந்தது. இரண்டு முனையும் நடுவில் சேரும் வரை தேய்த்தோம். சேர்ந்ததும் கேட்டார்.

"எத்தனாவது வளைவு?"

"முப்பத்தெட்டு."

"ஏர்றப்பவா, எறங்கறப்பவா?"

"ஏர்றப்ப. பஸ்ஸு வந்துது."

"பஸ்ஸு ஒட்டி வந்துதா?"

பொய் சொல்ல நல்ல வாய்ப்பு அது. "இல்ல. அவரு நிறுத்திட்டாரு" என்றேன்.

அவர் எழுந்து நின்று சிரித்தார். காலையிலிருந்து நான் பேசியதை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்துச் சிரிப்பது தெரிந்தது. நம்பிக்கை என்ற இடத்துக்கு வந்தபோது காரைப் பிடித்துக்கொண்டார். பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்கு நேரமிருந்ததால், மிச்சமிருந்த துகள்களை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தோம்.

இரண்டு கீறலையும் இன்றுவரை சரிசெய்யவில்லை. பனியன் துணி பழையபடி வேலைக்கு வந்துவிட்டது. கீறல் வரும் இடத்தில் மட்டும் அவர் கொஞ்சம் மெதுவாகத் துடைப்பார், வலிக்கும் என்பது போல.

பாதி டப்பா மிச்சமிருந்தது. அதை என்ன செய்வதாக இருக்கிறேன் என்று ஒரு நாள் வீட்டுக்காரம்மா கேட்டார். தெரியவில்லை என்றதும் போய்த் தன் அரிவாளை எடுத்து வந்தார். "மழைக்குப் புடி வழுக்குதுங்க. இதுக்கு அடிச்சுக் குடுங்க." வெயில் நன்றாக இருக்கிறதா என்று இந்த முறை வானத்தைப் பார்த்துவிட்டு, தடிமனாக ஆறு பூச்சு அடித்துக் கொடுத்தேன். அடுத்த வாரம் அவருடைய நாத்தனார் இரண்டு அரிவாளோடும் ஒரு மண்வெட்டியோடும் வந்தார். மண்வெட்டிக் காம்புக்குப் பாதியில் டப்பா தீர்ந்துவிட்டது. அவர் கோபித்துக்கொண்டார்.